வடிவு காய்ச்சிய கூழ்

"நான் ஷவர்மா துன்னேன்னு சொல்லிர்றேன்மே. உன் கூழு மேல பழி வரக் கூடாது."

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல் அழகேசன் முணுமுணுத்தான். அதே கையில்தான் அம்மனுக்குக் கட்டிய காப்பும் இருந்தது. காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை முட்டையைக்கூடத் தொடமாட்டான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பொய்க்கு ஒத்திகை பார்க்கிறான்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வடிவுக்குச் சிரிப்பு வந்தது.

காட்டுப்பாக்கத்தில் அவர்கள் தெருவில் பாதி அந்த வார்டில்தான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆடிக் கூழ், மறுநாள் வாந்தி பேதி. ஆனால் கூழை யாரும் சந்தேகப்படவில்லை. ஷவர்மாவில் தடவும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டாலும் போட்டார்கள், யாருக்கு வயிறு கடமுடா என்றாலும் பழி நேராக ஷவர்மா கடைக்குப் போய்விடுகிறது. தெருமுனைக் கிருபாகரனின் கடையை மூட வைத்தாயிற்று. காப்புக் கட்டிய அழகேசனுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், "திருட்டுத்தனமா துன்னுருப்பாரு" என்று தெருவே கண்ணடித்தது. காலையில் கிருபாகரன் மனைவி ஹேமாவதி வந்து, "நாங்க இன்னாக்கா பண்ணோம்?" என்று அழுதபோது வடிவு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வருஷாவருஷம் கூழ் காய்ச்சுபவள் வடிவுதான். இந்தத் தடவை கரகம் சீக்கிரமே வந்துவிட்டது. கூழ் ஊற்ற வேண்டிய நேரம், ஆனால் அண்டாவில் அது ஆறவே இல்லை. ஐஸ் வாங்கி வரச் சொல்லிக் கொழுந்தன் வேம்புலியை விரட்டினாள். அவன் மீன் கடையிலிருந்து ஒரு பாளத்தைத் தூக்கி வந்தான். ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டிப் போட்டுவிட்டு அவளே அதை அண்டாவில் இறக்கினாள். அம்மன் கூழ்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். நேற்று ராத்திரி புருஷனிடம் மட்டும் அதைச் சொன்னாள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஜெயப்பிரியா ஒவ்வொரு கட்டிலாக விசாரித்துக்கொண்டே வந்தார். "ஐயா, ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டீங்க?"

"ஷவ... ஷவரு..." அந்த வார்த்தைகூட அழகேசன் வாயில் சரியாக வரவில்லை. காப்பை முறித்தவன் என்ற கெட்ட பெயரை அவளுக்காக வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான். வடிவுக்குத் தாங்கவில்லை.

"அவரு துன்னல மேடம். கூழு மட்டுந்தான் குடிச்சாரு. அதுல நான் மீன் கடை ஐஸப் போட்டேன்."

வார்டே அவளைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த வேம்புலி, "அண்ணி, சும்மா இரு" என்று பல்லைக் கடித்தான். அழகேசன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஜெயப்பிரியா திட்டவில்லை. "கூழ் ஏதாச்சும் மிச்சம் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"ஊட்ல ஒரு சொம்பு கீது. பொண்ணு வந்தா குடுக்கலாம்னு எட்த்து வச்சேன்."

ஜெயப்பிரியாவின் ஜீப்பிலிருந்து வடிவு தன் தெருவில் இறங்கியபோது வாசல்களில் நின்றிருந்தவர்கள் யாரும் வழக்கம்போல் அவளைக் கூப்பிடவில்லை. சேதி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. இத்தனை வருஷமாகக் கூழ் வாங்கிக் குடித்த முகங்கள் திரும்பிக்கொண்டபோது அவளுக்கு வலித்தது.

ஃப்ரிட்ஜில் இருந்த சொம்பின் கழுத்தில் வேப்பிலை சுற்றியிருந்தது. அதை எடுத்துவிடலாமா கூடாதா என்று தெரியாமல், சொம்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். வாசலில் ஜெயப்பிரியா சோதனைக்குக் கூழை எடுத்துப்போகக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.