‘கைவிடு’ என்னும் பொத்தான்

1

“கம்பியூட்டர்ல இரிக்கிற கள்ளக் கொப்பியால குர்ஆன்ட யாசீன் சூறாவ டைப் அடிச்சா நன்மை கிடைக்குமா வாப்பா?”

றஸ்னா கேட்ட இந்தக் கேள்வியில்தான் இந்தக் கதை பிறந்தது. அவளுடைய வாப்பா முனாப், கல்முனைக்குடியில் கணினித் தட்டச்சுக் கடை வைத்திருந்தார். அங்கிருந்த மென்பொருள் காசு கொடுத்து வாங்க வேண்டியது; அவர் வாங்கியதில்லை. மகள் கேட்ட மறுநாளே அதை அழித்துவிட்டு, யாரும் பாவிக்கலாம், திருத்தலாம் என்று இலவசமாகத் தரப்படும் ஒன்றை ஏற்றினார். (ஊரே செய்வதை ஒருவர் செய்யாமல் விடுவது பெரிய காரியம். இதில் எனக்குச் சந்தேகமில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘யுத்தம் முடிந்த அந்த வருடம், கடற்கரை வீதியில் இராணுவ…’

வேண்டாம். நான் எழுத வந்தது ஒரு பொத்தானைப் பற்றி.

3

புதிய மென்பொருள் தமிழ் பேசியது. முனாபுக்குப் பெருமை. கடையில் தட்டச்சு செய்யும் சுல்பிகாவுக்குத்தான் சிக்கல். வேண்டாத பக்கத்தை மூடும்போது பழையது ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும், அமத்திவிட்டுப் போவாள். இது தமிழில் இரண்டு பொத்தான்களை நீட்டியது: ‘சேமி’, ‘கைவிடு’. அவள் எல்லாவற்றையும் சேமித்தாள். கணினி நிரம்பி ஊர்ந்தது.

“நிண்டுபோன கலியாணக் கார்டையும் வச்சிருக்கியே புள்ள. மாப்பிள்ளையே மறந்திட்டான்” என்றார் முனாப்.

“இரிக்கட்டும் நானா.” (நானா என்றால் அண்ணன்.)

“கைவிடு எண்டு இரிக்கே, அத அமத்தன்.”

“ஒருக்கா விட்டது போதும் நானா.” அந்தப் பக்கத்தையும் சேமித்துவிட்டு, “எனக்கு இந்த வேல சரிவராது. மாசம் முடியிற வரைக்கும் வாறன், வேற ஆளப் பாருங்க” என்றாள்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் அவள் பிடித்திருந்தது தங்கையின் கை. (இங்கே ஒரு பந்தி இருந்தது. அழித்துவிட்டேன். அலையின் உயரத்தை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.)

4

ஒரு சொல்லுக்காக ஒருத்தி வேலையை விடுவாளா? நானே அவளைச் சந்தேகித்தேன். பிறகு அந்தச் சொல்லைப் பிரித்து உரக்கப் படித்தேன். கை. விடு. சந்தேகம் போனது.

எழுதிப் பார்த்த முடிவுகள்: முனாப் பழைய கள்ளக் கொப்பிக்கே திரும்புகிறார். (றஸ்னாவிடம் யார் சொல்வது?) சுல்பிகா மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒருநாள் பொத்தானை… (அவளைத் திடப்படுத்த நான் யார்?)

5

மாசம் முடிந்தும் சுல்பிகா வேலைக்கு வந்தாள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உங்களைப் பதறவைத்துக் கதை நடத்த எனக்கு விருப்பமில்லை.

முனாப் நினைத்தது இதுதான்: மனச்சாட்சி சுத்தமானது எனக்கு, அதற்கு விலை கொடுத்தது அவள். அப்படியென்றால் நான் கடன்காரன்.

ஒரு பகல், சுல்பிகா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். முனாப் பிஸ்மி சொல்லி, பல நாள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த, பொத்தான்களின் சொற்கள் இருக்கும் மொழிக் கோப்பைத் திறந்தார். இந்த மென்பொருளில் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ‘கைவிடு’ என்பதை அழித்தார். அந்த இடத்தில் அவர் வைத்த சொல்

[ ]

இதை நீங்களே நிரப்புங்கள். அவள் விரல் கூசாத எந்தச் சொல்லும் சரி.

அதை ஒருமுறை அமத்திப் பார்த்தார். அவள் வருமுன் கடையைச் சாத்திவிட்டு லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்.