பின் சீட்டில் இருந்தவள்

கல்யாணமாகி மூன்றாம் நாள் மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற போட்டோவை யாரும் ஆல்பத்தில் வைக்கப்போவதில்லை. பூதத்தான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான், கசங்கிய பட்டு வேட்டியும் தொங்கிய தலையுமாக. பக்கத்தில் மச்சினன் சுயம்பு. எதிர் நாற்காலியில் சாதனா. சுயம்புவுக்குத் தங்கை, பூதத்தானுக்குப் புதுப் பெண்டாட்டி.

பூதத்தானின் அப்பா செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்தார். வந்த வேகத்தில் சுயம்புவை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“இங்க பாரு சுயம்பு. நீ ஒரு சொட்டு குடிக்கல. ஊதச் சொன்னாலும் ஒண்ணும் வராது. நீதான் ஓட்டுனேன்னு சொல்லிரு. வெறும் ஆக்சிடென்ட் கேஸாப் போயிரும். எம் மவன் குடிச்சிட்டு ஓட்டுனான்னு உள்ள போனா, ஒந் தங்கச்சி வாழ்க்கையும்லா சேந்து போவும்?”

சுயம்புவுக்கு டிராம்பேயில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சேருவதற்கு முன் போலீஸ் நன்னடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. பேரில் கேஸ் விழுந்தால் வேலை அம்பேல். ஆனால் ‘தங்கச்சி வாழ்க்கை’ என்று யாராவது சொல்லிவிட்டால் அண்ணன்மாருக்கு மூளை அந்த இடத்திலேயே கடையைச் சாத்திவிடும். “சரி மாமா” என்றான்.

அதிலும் அவனுக்கு ஒரு நியாயம் தெரிந்தது. தாராவியில் சுயம்புவின் வீட்டில் அன்று மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளையைக் கவனிப்பது பெண்ணின் அண்ணன் பொறுப்பு. அது கறிச்சோற்றோடு முடிகிற கவனிப்பு அல்ல. மாடி அறையில் பாட்டிலைத் திறந்துவைத்து, பூதத்தான் போதும் போதும் என்று கிளாஸைக் கையால் மூடியபோதெல்லாம் “அதெப்படி மாப்ள” என்று ஊற்றியவன் சுயம்புதான்.

கிளம்பும்போது சந்து நிறையச் சொந்தக்காரர்கள். கார் சுயம்புவினுடையது. பொண்ணு மாப்பிள்ளையைச் செம்பூர் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டியவனும் அவனே. ஆனால் பூதத்தான் கையை நீட்டினான். “மச்சான், சாவியக் குடுங்க.”

“நான் ஓட்டுதேன் மாப்ள.”

பூதத்தான் முகம் சுண்டிவிட்டது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். புது மாப்பிள்ளையைப் பார்த்து ‘நீங்க குடிச்சிருக்கீங்க’ என்று தெருவறியச் சொல்ல அந்தச் சந்தில் ஒருத்தனுக்கும் வாய் வராது. சாதனா அண்ணன் காதோரம் வந்து, “குடுத்துருண்ணே, எல்லாரும் பாக்காவ” என்றாள். சுயம்பு சாவியைக் கொடுத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தான். அவள் பலகார டப்பாக்களோடு பின்னால் ஏறினாள்.

சயானைத் தாண்டியதும் சிக்னலில் சிவப்பு விழுந்தது ஊருக்கே தெரிந்தது, பூதத்தானுக்குத் தெரியவில்லை. குறுக்கே ஸ்கூட்டரில் வந்தவர் ஷாகிர், தோல்பை பட்டறை வைத்திருப்பவர். அவர் கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துபோனது. மூவரும் இறங்கி அவரிடம் ஓடிய பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. அதனால் ஸ்டியரிங் பிடித்தது யார் என்று பார்த்தவர் இல்லை.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். வண்டியை ஓட்டியது யார் என்று இந்தியில் கேட்டார்.

“நான்” என்றான் சுயம்பு.

“இல்ல சாப்” என்று சாதனா எழுந்தாள்.

நல்லவேளை, தங்கச்சி நம்மைக் காப்பாற்றப் போகிறாள் என்று சுயம்புவின் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அவள் நிறுத்தி நிதானமாக இந்தியில் சொன்னாள்.

“ஓட்டுனது என் வீட்டுக்காரர். குடிச்சிருந்தாரு. அது அண்ணனுக்குத் தெரியும், ஊத்திக் குடுத்ததே அவன்தான். சாவி குடுத்ததும் அவன்தான்.”

சுயம்புவின் டிராம்பே வேலை கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

“அந்தச் சாவியக் குடுக்கச் சொன்னவ நான். அவரு நெதானத்துல இல்லேன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். எம் பேரையும் எழுதுங்க.”

அந்தக் காதோரப் பேச்சு வேறு யாருக்கும் தெரியாது. செத்தாலும் வெளியே விடுவதில்லை என்று சுயம்பு மனசுக்குள் சத்தியம் செய்துவைத்திருந்தான். அதை அவளே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள்.

சப் இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மகளே, சும்மா ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லார் மேலும் கேஸ் போடுவதில்லை. குடித்தவன் என்று தெரிந்தே சாவி கொடுப்பதும், கொடுக்கச் சொல்வதும் வேறு. அது குற்றத்துக்குத் துணைபோவது. யோசித்துச் சொல். எழுதிவிட்டால் எழுதியதுதான்.”

“யோசிச்சிட்டுத்தான் சொல்லுதேன்.”

“நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று மாமனார் கத்தினார். “கட்டுன புருஷனையும் கூடப் பொறந்தவனையும் ஒரே நேரத்துல காட்டிக் குடுக்கியே!” ஒரு கான்ஸ்டபிள் வந்து அவரை உட்காரவைத்தார்.

சுயம்புவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லோக்கல் ரயிலில் தன் காலை மிதித்துக்கொண்டு நிற்பவளிடம்கூட ‘கொஞ்சம் தள்ளுங்க’ என்று சொல்லக் கூசுகிறவள் இவள். கழுத்தில் மஞ்சள் காயாமல், ஒரு ஸ்டேஷன் முழுக்க ஆம்பிளைகளுக்கு நடுவே நின்று, புருஷனுக்கும் அண்ணனுக்கும் தனக்கும் ஒரே தராசைப் பிடித்திருக்கிறாள். இவளோடா இத்தனை வருஷம் ஒரே அறையில் சாப்பிட்டுத் தூங்கினோம் என்று அவனுக்குப் பிரமிப்பாக இருந்தது. இந்த மனுஷி அங்கே எந்த மூலையில் இருந்தாள்?

“நான் சொன்னது பொய் சாப். அவ சொன்னதுதான் நெசம்” என்றான்.

மூன்று பேர் பெயரும் ஏறியது. கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி, சாதனாவைப் போகலாம் என்றார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது பூதத்தான் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். போதை எங்கோ போய்விட்டிருந்தது.

“ஏன் சாதனா? அண்ணன்தான் ஒத்துக்கிட்டாருல்லா?”

“ரோட்டுல கெடந்தாரே அவரு, நம்மூர் ஆளு. எங் கையப் புடிச்சுத் தமிழ்லதான் கேட்டாரு, ‘வண்டிய ஓட்டுனது யாரும்மா?’ன்னு. நான் வாயத் தொறக்கல. அவரு மறுபடியும் கேட்டாரு. அப்புறம் மயக்கமாயிட்டாரு.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறேன். முழிச்சதும் கேப்பாருல்லா.”

பூதத்தான் அவள் முகத்தைப் பார்த்து, “போயிட்டு வா. எம் பேரையே சொல்லு” என்றான்.

சாதனா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சைக் கடந்து போனாள். தங்கச்சி வந்தால் அண்ணன் எழுந்து நிற்கிற வழக்கமெல்லாம் அவர்கள் வீட்டில் கிடையாது. சுயம்பு எழுந்து நின்றான்.