அஞ்சு சரணத்துக்கு ஒரு குவளை

எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு ஆம்பூர் பூரா சொல்லுவாங்க. சொல்லட்டும். அன்னிக்கி அந்தக் கோவத்தை முழுங்கிக்கினு நின்னேன் பாருங்க, அது எனக்குத்தான் தெரியும்.

ஹயாத் பாஷா முதலாளியோட தோல் ஷாப்புல, தோல் பதம் பண்ற பெரிய மர டிரம்முக்கு சோடா உப்பு கரைச்ச தண்ணி ஊத்துறது என் வேலை. ஆட்டுத்தோல் உள்ள சுத்திக்கினே இருக்கும்போது, டிரம் நடுவுல இருக்குற அச்சு ஓட்டை வழியா, விட்டு விட்டு ஆறு குவளை ஊத்தணும். அவசரப்பட்டா தோல் சொரசொரன்னு சுருங்கி, சரக்கு குப்பைக்குத்தான். கடியாரம் வெச்சா அந்த ஆவியில ரெண்டே மாசத்துல துருப்புடிச்சி நின்னுடும். அதனால முன்ன இருந்த அயர்லாந்து மேஸ்திரி கோனர் துரை எனக்கு ஒரு பாட்டு சொல்லிக் குடுத்தார். அஞ்சு சரணம். பாடி முடிச்சா ஒரு குவளை. அர்த்தம் எனக்கு இன்னா தெரியும்? கப்பல் ஏறிப் போனவனை நெனைச்சி ஒரு பொண்ணு அழுவுறாளாம். அவர் ஊருக்குப் போய்ட்டார், பாட்டு என்கிட்ட தங்கிடுச்சி.

அன்னிக்கி அமெரிக்காவுலேருந்து தோல் வாங்குற மில்லர் துரை வந்தார். சரக்கு புடிச்சா வருஷம் பூரா வாங்குவாராம். காலையிலயே முதலாளி சொல்லிட்டார்: "அமிர்தவள்ளி, இன்னிக்கி சரக்கு கெட்டுதுன்னா நீ இந்த வாசலை மிதிக்காதே." வீட்டுக்காரர் வேலு சுண்ணாம்புத் தொட்டியில வழுக்கி விழுந்து எட்டு மாசமா படுக்கையில கெடக்கறார். என் ஒருத்தி கையிலதான் அடுப்பு எரியுது.

நான் பாட ஆரம்பிச்சதும் துரை தொப்பியைக் கழட்டினார். கண்ணு கலங்கிப்போச்சி. கூடவே பாட ஆரம்பிச்சிட்டார். அதே ராகம். வார்த்தைதான் அங்கங்க வேற. துரை பேச்சை கணக்குப்புள்ள இஷ்தியாக் அகமது தமிழ்ல சொன்னார்: "இவரோட தாத்தாவுக்குத் தாத்தா அயர்லாந்துலேருந்து கப்பல்ல கொண்டுபோன பாட்டாம். இவங்கம்மா பாடுவாங்களாம்."

எனக்கும் மனசு எளகிடுச்சி. ஆனா மூணாவது சரணத்தோட துரை நிறுத்திட்டார். அவங்க ஊர்ல அவ்ளோதானாம். திரும்பியும் மொதல்லேருந்து ஆரம்பிச்சார்.

முதலாளி கை காட்டினார். "ஊத்து, பாட்டு முடிஞ்சிடுச்சி."

"இல்லைங்க, இன்னும் ரெண்டு..."

"துரை மனசு கோணக்கூடாது. அவர்கூடவே பாடு, ஊத்து."

ஊத்தினா தோல் போச்சி, ஊத்தலைன்னா வேலை போச்சி. டிரம்முக்குப் பின்னாடி போனேன். அங்கேர்ந்து என் கை மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். வெறுங்குவளையைத் தூக்கிச் சாய்ச்சேன்.

அப்பால என் பாட்டை யாராவது கேக்கணுமே. வாயில துரையோட மூணு சரணம், விரல்ல என்னோட அஞ்சு. மூணு முடிஞ்சா வெறுங்குவளை, அஞ்சு முடிஞ்சா யாருக்கும் தெரியாம நெசக் குவளை. நடுவுல ஒருதரம் விரல் தப்பிடுச்சி. நாலா, அஞ்சா? வேர்த்துக் கொட்டுது. மாதாவே, முனீஸ்வரான்னு ரெண்டு பேரையும் கூப்ட்டுட்டு, இன்னொரு சரணம் போனப்புறமே ஊத்தினேன்.

டிரம்மை நிறுத்தினாங்க. தோல் பதமாச்சான்னு பார்க்க ஒரு துண்டு அறுத்து கொதிக்கிற தண்ணியில போட்டாங்க. சுருளலை. தோல் மேல துரை கன்னத்தை வெச்சிப் பார்த்தார். வழவழன்னு இருந்துச்சி. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சி.

முதலாளிக்கு ஒரே குஷி. "பார்த்தியா? சின்னப் பாட்டே போதும். நாளைலேர்ந்து வஹீதாவும் பக்கத்து டிரம்முல இதுக்கே ஊத்தட்டும்."

சும்மா இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். வஹீதா கைக்கொழந்தைக்காரி, மூணு சரணத்துக்கே ஊத்தி தோல் கெட்டா நாளைக்கு அவ தலை போவும். முதலாளியைத் தனியா கூப்ட்டு, நடந்ததை ஒண்ணு விடாம சொல்லிட்டேன்.

அவர் மூஞ்சி கறுத்துப்போச்சி. துரை நிக்கிற பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அப்பால கொரலை எறக்கிச் சொன்னார்: "துரை பதினஞ்சு நாள் இருக்கப்போறார். தினமும் பாடுவேன்றார். நீ இன்னிக்கி செஞ்ச மாதிரியே செய், வஹீதாவுக்கும் காட்டிக் குடு. துரை கண்டுபுடிச்சா, ஏமாத்தினது நீ. எனக்கு ஒண்ணும் தெரியாது." வந்த கோவத்தை அப்படியே முழுங்கிக்கினேன்.

முதலாளிகிட்ட தனியா நான் இன்னா சொன்னேன்னு துரை கேட்டார் போல. நீங்க நல்லா பாடுறீங்கன்னு சொல்றா சார்னு இஷ்தியாக் அகமது சொல்லிட்டார். துரை சிரிச்சிக்கினே வந்து என் கையைப் புடிச்சிக் குலுக்கினார். நாளைக்கு டிரம்முக்குப் பின்னாடி என் பக்கத்துலயே நின்னு பாடுறாராம்.