வெள்ளையாக வந்த ஏழு வரிசைகள்

ஸ்வெட்டரின் இடது கையில் மட்டும் சடை ஓரிடத்தில் தப்பாகத் திரும்பியிருந்தது. கையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் அந்தச் சடையில் இழைகள் ஒரு முறை இடப்பக்கம் தாண்டும், அடுத்த முறை வலப்பக்கம் தாண்டும். முழங்கைக்குச் சற்று மேலே, இடப்பக்கம் போக வேண்டிய ஒரு தாண்டல் வலப்பக்கம் போயிருந்தது. புதன்கிழமை பின்னிய முந்நூற்றுப் பத்து இடக்கைகளிலும் அதே இடத்தில் அதே தப்பு.

எத்தனையாவது வரிசை என்று எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. கைகளை வெந்நீரில் அலசியாகிவிட்டது. அலசிய கம்பளியில் கண்ணிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பின்னல் எந்திரம் சொன்னபடி செய்யவில்லை, அல்லது அதற்குச் சொன்னதே தப்பு. எந்திரம் ஊசியின் பொறுப்பு. அதற்குச் சொல்வதைக் கோப்பாக எழுதித் தருவது அண்ணியின் பொறுப்பு. ஊசி அண்ணிக்கு நாத்தனார், கணவனின் தங்கை. ஊசிகளோடு வேலை செய்வதாலும் வாயைத் திறந்தாலே குத்துவதாலும் அந்தப் பெயர் வந்தது. அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஆலை முழுவதும் மற்றவளை அண்ணி என்றே கூப்பிட்டது. அவளைவிட இருபது வயது மூத்த மேலாளரும் அதற்கு விலக்கல்ல.

மேலாளர் காலையிலேயே தன் முடிவைச் சொல்லிவிட்டார். செவ்வாயன்று ஊசி மூன்றாம் எந்திரத்தின் பெல்ட்டை மாற்றினாள், புதனன்று அதில் பின்னிய கைகள் கெட்டன. கோப்பில் தவறில்லை என்று மதியச் சாப்பாட்டுக்குள் அண்ணி எழுதிக் கொடுத்தால் ஊசி ஸ்வெட்டர்களை மடிக்கும் மேசைக்குப் போக வேண்டும். அந்த எந்திரத்துக்காக நாலு வருஷம் காத்திருந்தவள் அவள். தவறு கோப்பில்தான் என்றால், அண்ணி எழுதும் எதுவும் இனி இன்னொருவர் பார்த்த பிறகே எந்திரத்துக்குப் போகும். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு நிலை அவளுக்கு வந்ததில்லை.

ஊசி கையில் எண்ணெய்த் துணியோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"பெல்ட்டு சரியில்லன்னா மொத்தக் கையும் கோணிக்கும் அண்ணி. அது நல்ல நாள் பார்த்து ஒரே ஒரு வரிசையில மட்டும் திரும்பிப் படுத்துக்காது."

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"பார்த்துட்டே சொல்லுங்க. சொல்லிட்டுப் பார்க்காதீங்க."

அவள் போனதும் அண்ணி கணினிப் பக்கம் திரும்பினாள். கோப்புகளின் பழைய பதிப்புகளையெல்லாம் கிட் என்ற மென்பொருள் பத்திரமாக வைத்திருந்தது. போன வெள்ளிக்கிழமைக் கோப்பில் பின்னிய கைகள் நன்றாக இருந்தன. அதையும் புதன்கிழமைக் கோப்பையும் ஒப்பிட்டால் போதும், விஷயம் தெரிந்துவிடும். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

பின்னலின் ஒரு வரிசை கோப்பில் ஒரு வரி. 18K,2P,3L என்பது போல ஒவ்வொரு வரியிலும் தொண்ணூறு துண்டுகள் இருக்கும். 18K என்றால் பதினெட்டு நேர்க்கண்ணி, 2P என்றால் இரண்டு மறுகண்ணி. 3L என்றால் மூன்று இழை இடப்பக்கம் தாண்ட வேண்டும், 3R என்றால் வலப்பக்கம். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தாலும் எந்திரம் நின்றுவிடும் என்பதால் எல்லாம் காற்புள்ளியால் ஒட்டியே இருக்கும்.

குழப்பம் அங்கேதான் தொடங்கியது. சொல் சொல்லாக ஒப்பிடு என்று கேட்டால் கிட் ஒப்பிடும். ஆனால் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பதுதான் அதற்கு ஒரு சொல். இங்கே இடைவெளியே இல்லாததால் தொண்ணூறு துண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டன. ஓர் எண் மாறியிருந்தாலும் பழைய வரி முழுவதும் சிவப்பில் வந்தது, புதிய வரி முழுவதும் பச்சையில் வந்தது. வாங்குபவர் கேட்டபடி முன்கையை அகலமாக்க அந்த வாரம் முப்பத்தேழு வரிசைகளை அவளே மாற்றியிருந்தாள். முதல் திரையைப் பார்த்ததுமே கண்ணைக் கட்டவே அதை மூடினாள்.

எது சொல் என்று நாமே வரையறுக்கவும் கிட் இடம் தரும். அந்த வரையறையை ஒரு சின்னக் குறிவடிவமாக எழுத வேண்டும். எழுத்தோ இலக்கமோ, ஒவ்வொரு குறியும் ஒரு சொல் என்று அவள் முதலில் எழுதினாள். 18 என்பது 21 ஆன இடத்தில், 2 புதிதாக வந்ததாகவும் 1 அப்படியே இருந்ததாகவும் 8 போய்விட்டதாகவும் திரை சொன்னது. பொய் இல்லை, ஆனால் யாருக்கும் உதவாத உண்மை.

அடுத்து, தொடர்ந்து வரும் இலக்கங்கள் ஒரு சொல் என்று எழுதினாள்: [0-9]+. திரை பளிச்சென்று தெளிந்தது. சிவப்பில் 18, பக்கத்தில் பச்சையில் 21, மற்றதெல்லாம் வெள்ளை. 120 முதல் 156 வரை முப்பத்தேழு வரிசைகளையும் வாங்குபவரின் தாளோடு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒத்துப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அண்ணி தாளை எடுத்து, கோப்பில் தவறில்லை என்று எழுதினாள். மேலாளர் எட்டிப் பார்த்து, அப்போ எந்திரம்தானே என்று கேட்டார். மாறிய வரிசைகளின் எண்ணிக்கையையும் எழுதித் தருவதாக அவள் சொன்னாள். அவர் சாப்பாட்டு மணியை நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

எண்ணிக்கைக்காகத் திரையை அடிவரை நகர்த்தினாள். 156-ஐத் தாண்டிய பிறகு, தனியாக ஏழு வரிசைகள் இருந்தன. 211 முதல் 217 வரை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, முழுக்க வெள்ளை. முன்பு அதை மாறாத கடைசிப் பகுதி என்று நினைத்துத் தாண்டிவிட்டிருந்தாள்.

கையெழுத்திடப் போன பேனா நின்றது. மாறிய வரியைக் காட்டும்போது அடையாளத்துக்காக மேலே மூன்று, கீழே மூன்று வரிகளையும் கிட் சேர்த்துக் காட்டும். அப்படியானால் இந்த ஏழில் நடுவே இருக்கும் 214 மாறியிருக்க வேண்டும். மாறாத வரியை அது கூப்பிட்டுக்கொண்டு வராது. மாறியிருந்தால் நிறம் எங்கே?

உதவிப் பக்கத்தைத் திறந்து, முன்பு மேலோட்டமாகப் பார்த்த பத்தியை வரி வரியாகப் படித்தாள். விடை அங்கே இருந்தது. நாம் கொடுத்த வடிவத்துக்குள் அடங்குவது மட்டும்தான் சொல். அடங்காத எல்லாவற்றையும் கிட் வெற்றிடமாக எண்ணி ஒதுக்கிவிடும். இலக்கங்கள் மட்டுமே சொல் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் K, P, L, R எதுவும் அதன் கண்ணில் படவில்லை. கேட்ட கேள்விக்கு அது ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருந்தது.

எழுத்துகளையும் சொல்லாக எண்ணும்படி வடிவத்தின் வாலில் ஒரு துண்டைச் சேர்த்து மறுபடி ஒப்பிட்டாள். 214-ஆம் வரிசையில், 3-க்குப் பக்கத்தில், சிவப்பில் ஒரு L, பச்சையில் ஒரு R.

அப்போது நினைவு வந்தது. வலக்கை இடக்கையின் கண்ணாடி பிம்பம். செவ்வாய் மாலை இரண்டையும் ஒத்துப் பார்க்க, வலக்கையின் 214-ஐ எடுத்து இடக்கைக் கோப்பில் ஒட்டியிருந்தாள். பார்த்து முடித்தவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை. எண்கள் இரண்டு கைக்கும் ஒன்றுதான். அந்த வரிசையில் தாண்டும் திசை மட்டுமே வேறு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகியிருக்க வேண்டியது.

தாளை நான்காகக் கிழித்தாள். புதுத் தாளில், தவறு கோப்பின் 214-ஆம் வரிசையில், எழுதியவள் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டு மேலாளரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். மூன்றாம் எந்திரத்தை ஊசியையே ஓட்டச் சொன்னார். அண்ணியின் கோப்புகளை யார் பார்ப்பது என்பதைப் பிறகு முடிவு செய்வதாகச் சொன்னார்.

ஊசி செய்தி கேட்டு வந்தாள். திரையில் சிவப்பு L-ஐயும் பச்சை R-ஐயும் பார்த்தாள்.

"நீங்களே உங்களை மாட்டிவிட்டுக்கிட்டீங்களா?"

"பார்த்துட்டுச் சொல்லுன்னு நீதானே சொன்னே."

"சொன்னேன். கேப்பீங்கன்னு நினைக்கல." எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "சரி, இனிமே உங்க கோப்பை யாராவது பார்க்கணும்னா நானே பார்க்கிறேன். கத்துக் குடுங்க."

அண்ணி நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். பின்னல் கோப்புகளின் பெயர்கள் .pin என்று முடியும். கோப்புகளோடு கூடவே எல்லோருக்கும் போகும் .gitattributes கோப்பில், அவற்றை pinnal என்ற வரையறைப்படி ஒப்பிடச் சொல்லும் ஒரு வரி எழுதினாள்:

*.pin diff=pinnal

கோப்புகளை ஒப்பிடும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு முறை தட்ட வேண்டியது, pinnal என்றால் என்ன என்று சொல்லும் இன்னொரு வரி. அதை ஊசியே தட்டினாள்:

git config diff.pinnal.wordRegex '[0-9]+|[^[:space:]]'

தொடர்ந்து வரும் இலக்கங்கள் ஒரு சொல். அது அல்லாத, இடைவெளியும் அல்லாத ஒவ்வொரு குறியும் தனித்தனியே ஒரு சொல். அதன் பிறகு சொல்வாரியாக ஒப்பிட்டால், எண் மாறினாலும் தெரியும், எழுத்து மாறினாலும் தெரியும்.