ஆற்றங்கரையில் பொம்மி

ராஜசேகரின் உடலுக்கு ஐஸ் பெட்டி வைக்க இடம் போதவில்லை என்று மேசையைத் தூக்கி வெளியே போட்டார்கள். தூக்குவதற்கு முன் அவன் அண்ணன் முனீஸ்வரன், அதன்மேல் கிடந்ததையெல்லாம் முழங்கையால் ஒதுக்கி ஒரு அரிசிச் சாக்கில் தள்ளினான். பகடைகள், பென்சில்கள், அட்டைகள், பெரிய காகிதத்தில் வரைந்த ஒரு வரைபடம். சாக்கின் வாயைக் கட்டி, இறந்தவனின் பாயும் தலையணையும் கிடந்த மூலையில் வைத்தான்.

ராஜசேகரின் மனைவி வினோதா பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி யூனிஃபார்மை இன்னும் மாற்றவில்லை. அங்கே போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் அசெம்பிளி லைனுக்குப் போக வேண்டும். விடியும் நேரத்தில் பக்கத்து வீட்டுச் சரோஜம்மாள் அவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், வழியிலேயே மூச்சு நின்றதும், ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தன.

வெளியே, பந்தலுக்கடியில் போட்ட மேசைமேல் டீ டம்ளர்கள் வந்து உட்கார்ந்தன.

"தம்பி என்னா வேல பாத்துட்டு இருந்தாப்ல?" என்று யாரோ கேட்பது உள்ளே கேட்டது.

"கம்ப்யூட்டர்ல கேமு," என்றான் முனீஸ்வரன்.

"ஆடறதுக்குக் காசு தர்றாங்களா?"

"என்னவோ தர்றான் வெளிநாட்டுக்காரன்."

கம்ப்யூட்டரில் இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். அதற்கான கதைகளையும் விதிகளையும் எழுதி, புத்தகமாக்கி விற்பதுதான் ராஜசேகரின் பிழைப்பு. உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தான். அச்சாகி வந்த பெட்டிகளை அந்த மேசையிலேயே ஒட்டிக் கட்டி, கூரியருக்குத் தூக்கிப் போவான். நன்றாக விற்ற மாதம் வீட்டில் பேச்சு அதிகம். விற்காத மாதம் இருவரும் பேசாமல் சாப்பிடுவார்கள்.

புதிதாக எழுதியதை விற்கும் முன் ஆடிப் பார்க்க வேண்டும். ஊரில் அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை. பழைய நண்பர்கள் ஆளுக்கொரு ஷிப்ட். நாலு பேருக்கு ஒரே நாள் லீவு வந்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வினோதாவை உட்காரவைத்தான். அவளுடைய பாத்திரத்துக்குப் பொம்மி என்று அவளே பெயர் வைத்தாள். மேசையில் பொம்மிக்கு அடையாளமாக வைக்க எதுவும் இல்லாததால், சமையல்கட்டிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வந்தாள்.

"ஆத்தங்கரைக்கு வந்துட்ட. எதிர்க்கரைல வெளிச்சம் தெரியுது. என்ன பண்ற?"

"ஆழம் எவ்ளோ?"

"எறங்குனாத்தான் தெரியும். எறங்கறியா?"

"நீங்களே எறக்கி வுட்ருங்க. எனக்குத் தூக்கம் வருது."

"உன் ஆளு என்ன பண்ணுதுன்னு நீதான் சொல்லணும். வேற யாரும் சொல்லக் கூடாது. அதான் ரூலு."

"அடுத்த வாரம் சொல்றேன், போங்க."

பிறகு எப்போதாவது, டிபன் பாக்ஸை நீட்டும்போது, "பொம்மி இன்னும் அங்கியேதான் நிக்கறா," என்பான். "நிக்கட்டும். கால் வலிச்சா ஒக்காந்துக்குவா," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். அவன் கேட்பதை எப்போது நிறுத்தினான் என்று அவளுக்கு நினைவில்லை.

வெயில் ஏறியபின் ஒருவன் பைக்கில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியருகே நின்றான். வெளியே போய், டீ டம்ளர்களை ஓரமாக நகர்த்தி, மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். திரும்பி அவளிடம் வந்தான்.

"அக்கா, நான் ஹரீஷ்குமார். பெங்களூரு. அண்ணன் மாசத்துக்கு ஒருவாட்டி வந்து எங்களுக்கு கேம் நடத்துவாரு."

அவள் தலையசைத்தாள்.

"எந்தக் கேம் ஆனாலும் மேப்ல ஒரு ஆறு இருக்கும்க்கா. கரைல ஒரு புளியங்கொட்டைய வெச்சுருவாரு. நாங்க எல்லாரும் ஆத்தத் தாண்டிப் போயிருவோம். அத மட்டும் தொட வுட மாட்டாரு. அதோட ஆளு வந்து சொல்லணும்பாரு."

"ஆளு யாருன்னு கேக்கலியா?"

"கேட்டோம். ஷிப்ட்ல இருக்காங்கன்னாரு. ஏதோ ஜோக்குன்னு சிரிச்சோம்."

அவள் அவன் கையிலிருந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பந்தல் பக்கம் நகர்ந்தான்.

மதியம் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாய்க்கரிசி போட்டு முடிந்தது. வண்டி வந்து நின்றதும் முனீஸ்வரன் பாயையும் தலையணையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சாக்கைத் தூக்கினான்.

"அது இருக்கட்டும் மாமா."

"செத்தவங்க சாமான வூட்ல வெக்கக் கூடாதும்மா."

"அதுல என்னோடது ஒண்ணு இருக்குது."

"என்னா?"

வினோதா கிட்டே வந்தாள். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பறை அதிர்ந்துகொண்டிருந்தது. முனீஸ்வரன் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். மகனின் தலைமாட்டில் முடி அவிழ்ந்து கிடந்த மாரம்மா நிமிரவில்லை.

"குட்றா," என்றாள்.

உடலை எடுத்துக்கொண்டு போனபின் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். குளித்துவிட்டு வந்து, தலை இருந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். சரோஜம்மாளும் இன்னொருத்தியும் மேசையை உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டார்கள். அழுதழுது மாரம்மா சுவரோரம் தூங்கிப்போனாள். வினோதா ஈரத் தலையோடு மேசையில் தான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, சாக்கை அவிழ்த்து, வரைபடத்தை விரித்தாள்.

நீலப் பென்சிலால் தீட்டிய ஆறு. கரையில் சின்னதாக ஒரு வட்டம். புளியங்கொட்டை சாக்கின் அடியில் பகடைகளோடு கிடந்தது. எடுத்து வட்டத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. பிறகு ஒரு விரலால் அதை நீலத்துக்குள் தள்ளினாள்.

"எறங்கிட்டேன்," என்றாள்.

"என்னம்மா?" என்று சமையல்கட்டிலிருந்து சரோஜம்மாள் கேட்டாள்.

வினோதா நிமிர்ந்தாள். அவன் உட்காரும் எதிர் நாற்காலியில் யாரோ ஒரு டீ டம்ளரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"தண்ணி எது வரைக்கும் இருக்குது?" என்று கேட்டாள்.

கழுவிவிட்ட தண்ணீர் இன்னும் வடியாமல் மேசைக் கால்களைச் சுற்றி நின்றது. அவள் பாதங்களைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.