பதினோரு நாள் திருத்தம்

'பின்வரிசை' தளத்தில் பிழை செய்தவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. பிழையான விமர்சனம் எத்தனை நாள் தளத்தில் இருந்ததோ, அத்தனை நாள் அதன் திருத்தம் முகப்பின் உச்சியில், சிவப்புக் கட்டத்துக்குள், எழுதியவர் பெயரோடு நிற்கும். அந்த வாரம் எவ்வளவு பெரிய நடிகரின் படம் வந்தாலும் அதன் விமர்சனம் கட்டத்துக்குக் கீழேதான்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் சாம்பசிவன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவராகம் பகுதியில் தன் வீட்டின் மாடியறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, தமிழில் சினிமா விமர்சனம் எழுதும் இந்தத் தளத்தை ஆரம்பித்தார். விளம்பரம் கிடையாது, எழுதுகிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. படக்காரர்கள் கூப்பிட்டுக் காட்டும் காட்சிக்கும் போகக்கூடாது. சொந்த டிக்கெட்டில் பார்த்து, எந்தத் தியேட்டர், எந்த ஆட்டம், எந்த இருக்கை என்று விமர்சனத்தின் அடியில் எழுத வேண்டும். ஆரம்பித்த புதிதில் அவரே ஒருவருடைய ஒளிப்பதிவை இன்னொருவர் பெயரில் புகழ்ந்து தள்ளிவிட்டார். நாற்பதாம் நாள்தான் தெரிந்தது. சத்தமில்லாமல் பெயரை மாற்றியிருக்கலாம், கேட்பார் யாருமில்லை. மனிதர் கட்டம் கட்டி நாற்பது நாள் உச்சியில் வைத்தார்.

அந்தக் கட்டத்தைத் தளத்தின் பழைய பக்கங்களில் பார்த்துத்தான் ஜிஜி இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்குப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. கண்டுபிடித்த பிழைகளை 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பட்டியலில் போட்டுவிட்டு, வாடிக்கையாளரிடம் வாயே திறக்காமல் சரக்கை அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவளுக்கு, தன் பிழையைத் தானே வாசலில் மாட்டி வைக்கிற மனிதர்களைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. உலகத்தில் இப்படியும் இருக்கிறார்களா என்று வியந்தாள். ஏழு வருஷமாக எழுதுகிறாள். ஒருமுறைகூடக் கட்டத்துக்குள் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

வன்னியராஜ் என்கிற புதியவரின் முதல் படம் வந்தது. செங்கல் சூளை வைத்திருக்கும் அண்ணன் தம்பியின் கதை. தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள தியேட்டரில் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி, ஜிஜிக்கு ஜி-7 இருக்கை. அரங்கில் மொத்தமே ஆறு பேர்.

படம் அண்ணனின் சாவு வீட்டில் ஆரம்பித்தது. இடைவேளைக்கு முன்பே நன்றி சொல்லிப் பெயர்ப்பட்டியல் ஓடியது. இடைவேளைக்குப் பிறகுதான் படத்தின் தலைப்பே வந்தது; பிறகு கல்யாண வீடு, சிரிப்பு, அண்ணன் தம்பி கூத்து. சாகப்போகிறவன் என்று தெரிந்தபின் அவன் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் ஜிஜி அழுதாள். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினாள். 'ஒருவன் செத்ததும் படத்தையே முடித்துப் பெயர் போட்டுவிட்டு, அவன் வாழ்க்கையை மறுபடி தொடங்குகிற துணிச்சல்' என்று எழுதினாள்.

வாசகர்கள் அந்த விமர்சனத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாம் நாளே தூக்கப்பட இருந்த படம் இரண்டாம் வாரத்துக்குள் நுழைந்தது.

பதினோராம் நாள் நாகர்கோவிலிலிருந்து நெல்லையப்பன் என்ற வாசகரின் கடிதம் வந்தது. 'நீங்கள் எழுதியதற்கு மாறாக, எங்கள் ஊர்த் தியேட்டரில் தலைப்பை முதலில் போட்டுவிட்டார்கள். மேனேஜரிடம் சண்டை போட்டேன். வந்தபடியே ஓட்டுகிறோம் என்று சத்தியம் செய்கிறார். யார் சொல்வது சரி?'

ஜிஜி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். மதியமே லீவு சொல்லிவிட்டுத் தியேட்டருக்கு ஓடினாள். புரொஜக்டர் ஓட்டும் வேலப்பன் அவளைக் கண்டதும் கையைப் பிசைந்தார்.

"உள்ளதச் சொல்லியேன் மேடம். ரண்டு பாகமாட்டு வந்த படம். எனக்க கைப்பிழை, ரண்டாம் பாகத்த முதல்ல போட்டுட்டேன். அடுத்த ஷோவில மாத்தியாச்சு."

"நிறுத்தியிருக்கலாம், அல்லே?"

"ஆரும் வாயத் திறந்து ஒண்ணும் மிண்டல்ல. நீங்க எழும்பி நின்னு கைதட்டவும் செய்தீங்க. செரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டேன். எனக்க பேரு மட்டும் வேண்டாம் மேடம்."

வெளியே வருவதற்குள் வன்னியராஜே போனில் வந்துவிட்டார்.

"மேடம், நெல்லையப்பன் எனக்கும் எழுதியிருக்காரு. நான் உங்க விமர்சனம் வந்த அன்னைக்கே கவனிச்சேன், வாயைத் திறக்கலை. வர்ற வெள்ளிக்கிழமை சென்னையில பன்னெண்டு தியேட்டர் தர்றாங்க, உங்க விமர்சனத்தை நம்பித்தான். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க. எட்டு வருஷம் மேடம். இது போச்சுன்னா நான் ஊருக்குத்தான் போகணும்."

பிறகு பேசுகிறேன் என்று ஜிஜி போனை வைத்தாள். நான்கு நாள் பொறுப்பதில் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. நேரே ஸ்ரீவராகம் போனாள். சாம்பசிவன் முழுவதையும் கேட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தேவிட்டார்.

"பாதியில பேர் ஓடறது, நீ அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சாயாக்கும்! போறது போ. நானா இருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பேன்."

"வெள்ளிக்கிழமை வரை வெயிட் பண்ணலாமா சார்? அந்த மனுஷன் பாவம்."

"பாவந்தான். உன் பேர்ல வந்தது, நீயே தீர்மானம் பண்ணு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் எழுந்து காப்பி போடப் போய்விட்டார். ஜிஜி போனில் அந்தப் பழைய நாற்பது நாள் கட்டத்தைத் திறந்து பார்த்தாள். நான்கு நாள் மூடி வைத்தால் இதுவும் ஒரு 'தெரிந்த குறை'தான். அதற்குக் கழக்கூட்டமே போதுமே, இங்கே எதற்கு வந்தாள்?

அன்று சாயங்காலமே மறுபடி டிக்கெட் எடுத்து, சரியான வரிசையில் படத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மனசு கனத்துப்போயிற்று. படம் சுமார்தான். கல்யாணம் வெறும் கல்யாணமாக இருந்தது, சாவு எல்லாப் படத்திலும் வருகிற சாவாக இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'நான் பார்த்தது பாகங்கள் இடம் மாறிய படம். பெயர்ப்பட்டியல் நடுவில் ஓடியபோதே எழுந்து போய்க் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பிழை என்னுடையது. சரியான வரிசையில் இந்தப் படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாறிய வரிசையில் இன்றும் பிடிக்கிறது. ஜிஜி.' வேலப்பனின் பெயரை எழுதவில்லை.

பதினோரு நாள் அது உச்சியில் நின்றது. ஊரே சிரித்தது. அலுவலகத்தில் போகிறவன் வருகிறவனெல்லாம் பெயர்ப்பட்டியல் ஓடிவிட்டதா என்று கேட்டான். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். சென்னையில் தருவதாகச் சொன்ன பன்னிரண்டு தியேட்டரும் கைவிரித்ததுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. வன்னியராஜிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அழைத்தாலும் எடுக்கவில்லை. ஒரு மனிதனை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றே ஜிஜி நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து அவரே அழைத்தார்.

"மேடம், சனிக்கிழமை காலையில அதே தியேட்டர், நானே நேர்ல போய்ப் பேசி வாங்கினேன். ஒரேயொரு ஷோ. டிக்கெட் நான் எடுத்துத் தரமாட்டேன், உங்க சட்டம் எனக்கும் தெரியும். ஜி-7 காலியா இருக்கு. நீங்களே எடுத்துக்கிடுங்க."

எடுத்தாள். சாம்பசிவன் ஜி-8. 'பின்வரிசை'யின் மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு டிக்கெட்டோடு வந்திருந்தார்கள்.

படம் சாவு வீட்டில் ஆரம்பித்தது. இடைவேளைக்குப் பிறகு கல்யாணம். வன்னியராஜ் அந்த மாறிய வரிசையையே வைத்து, வெட்டிச் சீராக்கி, முன்பு பார்த்ததைவிடக் கூர்மையாக்கியிருந்தார். ஜிஜி மறுபடி அழுதாள். இந்தமுறை பெயர்ப்பட்டியல் கடைசியில்தான் ஓடியது. அதன் முதல் வரி இதுதான்:

படத்தொகுப்பு: வன்னியராஜ், வேலப்பன்.

ஜிஜி எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புரொஜக்டர் அறையின் சின்ன ஜன்னலைப் பார்த்துக் கைதட்டினாள். ஜன்னலுக்குப் பின்னால் வேலப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.