பதினெட்டாவது எழுத்து

ஆரோக்கியம்மாள் கோபமாக வந்தால் படியேறும்போதே தெரிந்துவிடும். அன்றைக்கு அவள் சத்தம் மீமிசல் சாலை வரைக்கும் கேட்டது.

"ஏம்மா பாசிலா, ரெண்டு தடவையா எம் போட்டுக்கு டோக்கன் இல்ல. நம்பரு தப்பாம்ல? நான் பெத்த பிள்ளை பேரை மறந்தாலும் அந்த நம்பரை மறப்பேனா?"

மீனவர் சங்கத்தில் டோக்கன் பட்டியல் போடுவது பாசிலாவின் வேலை. டோக்கன் இல்லாத படகு கடலுக்குப் போக முடியாது. கம்ப்யூட்டர் வகுப்பில் எழுத்துகளை எண்ணும் பாடம் படித்த சூட்டோடு, அவளே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். வாட்ஸ்அப்பில் வரும் படகு எண்ணில் கோடுகளையும் சேர்த்துப் பதினேழு எழுத்து இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் 'தப்பு' என்று தள்ளிவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா."

"அப்ப நான் பொய் சொல்றேனா? நீயே எண்ணு. நாளைக்கும் கரையில கெடந்தா எங்க ஆளுக வேற போட்டுக்குப் போயிருவாங்க."

நான்கு மணிக்குப் பட்டியலை மூட வேண்டும். இப்போதே மூன்றேகால். பாசிலா திரையில் விரல் வைத்து எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாலும் அதே பதினேழுதான். புரோகிராமோ பதினெட்டு என்று அடம்பிடித்தது. அவளுக்கு வந்த எரிச்சலெல்லாம் போய் ஆவல் பிடித்துக்கொண்டது. யாரப்பா அந்தப் பதினெட்டாவது ஆள்?

ஒவ்வொரு எழுத்தையும் வரிசை எண்ணோடு தனித்தனி வரியில் காட்ட வைத்தாள். பதினேழுக்கு எதிரே கடைசி இலக்கம் நின்றது. பதினெட்டுக்கு எதிரே வெறும் இடம்! அட, கண்ணுக்குத் தெரியாததையும் இது ஓர் எழுத்தென்று எண்ணித் தொலைக்கிறதே!

"அக்கா, நம்பரை எப்படி அடிச்சீங்க?"

"எங்க அடிச்சேன்? ரெண்டெழுத்து அடிச்சதும் போனே முழுசா மேல காட்டுச்சு. அதைத் தொட்டேன்."

தொட்டதும் போன் பின்னால் ஓர் இடைவெளியையும் போட்டுவிட்டிருக்கிறது. ஓரத்து இடைவெளியை வெட்டிவிட்டு எண்ணும்படி ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து, பட்டியலை மறுபடி ஓட்டினாள். 'சரி' என்று வந்தது. சிரிக்கப் போனவள் பட்டியலின் அடிவரை பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'தப்பு' என்றிருந்த இன்னும் ஆறு படகுகளும் 'சரி' ஆகியிருந்தன. ஏழு படகுகள் சும்மா கரையில் கிடந்திருக்கின்றன. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

"அக்கா, தப்பு ஒங்க மேல இல்ல, எம்மேலதான். இன்னும் ஆறு பேரு..."

ஆரோக்கியம்மாள் டோக்கனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்று பாசிலா தலையைக் குனிந்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அந்த ஆறு பேருக்கும் போனைப் போடு. நாளைக்கு அவங்களும் கடலுக்குப் போகணும்ல?" நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "எவனாவது ஏசுனா எங்கிட்ட குடு."